துண்டுக்குள் சம்பளம்

“பார்த்துப் போட்டுத் தருவோம்.”

எங்கள் ராமநாதபுரம் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற வாசகம் இது. ஜவுளிக்கடை, ஐஸ் பிளான்ட், தனியார் பள்ளிக்கூடம், நண்டுக் கம்பெனி, எங்கே போனாலும் இதுதான். யார் பார்ப்பார்கள், எதைப் பார்ப்பார்கள், எப்போது போடுவார்கள் என்று எதிரில் நிற்பவர் கேட்கக் கூடாது. கேட்டால் ‘வரும்போதே காசு பேசுறான்’ என்று பெயர் ஆகிவிடும். இதை நானும் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உச்சிப்புளியிலிருந்து ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். டிப்ளமோ முடித்தவன். நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. “அக்கா, சம்பளம் எவ்வளவு? இதே வேலை பார்க்கிற மத்தவங்களுக்கு எவ்வளவு?” என்றான்.

“பார்த்துப் போட்டுத் தர்றேன் தம்பி.”

“அப்ப பார்த்துட்டுக் கூப்பிடுங்கக்கா” என்று எழுந்து போய்விட்டான்.

குரலில் கிண்டல் இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். அவனோ மரியாதையாகத்தான் சொன்னான். அன்று சாயங்காலம் வரை எரிச்சலாக இருந்தது. ராத்திரிதான் அவன் கேட்டதில் என்ன தப்பு என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே ஒரு சின்ன நண்டு யூனிட் நடத்துகிறேன். வள்ளக்காரர்கள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை வாங்கி, அவித்து, ஆறவைத்து, ஓட்டை உடைத்துச் சதையைத் தரம் பிரித்துப் பெரிய கம்பெனிக்கு அனுப்புவது வேலை. அங்கிருந்து டப்பாவில் அடைபட்டு அது அமெரிக்காவுக்குப் போகும். எங்களோடு மொத்தம் பதினாறு பேர். ஐந்து பேருக்கு மாதச் சம்பளம். பதினோரு பெண்கள் கிலோ கணக்கில் நண்டு உடைக்கிறார்கள். பாதிப்பேர் இருபத்தைந்து வயதுக்குக் கீழே. இந்த இளசுகளைப் பிடித்து வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய பாடு. நண்டு கிடைத்துவிடும், ஆள் கிடைக்கமாட்டார்கள்.

சின்ன வயதில் விலை பேசுகிற இரண்டு விதத்தைப் பார்த்து வளர்ந்தேன். ஒன்று, பாம்பன் கரையில் மீன் ஏலம். கூடையை மணலில் கவிழ்ப்பார்கள். சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஏலம் கூறுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். என்ன விலைக்குப் போனது என்று நண்டுக் குழியில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்னொன்று, தாய்மாமாவோடு பரமக்குடிப் பக்கம் போய்ப் பார்த்த மாட்டுச் சந்தை. அங்கே சத்தமே இருக்காது. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைச் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. மாமா எப்போதும் ஏமாந்துதான் வருவார், அது வேறு விஷயம்.

கரையில் பிறந்த நான் கம்பெனி ஆரம்பித்தபோது பிடித்துக்கொண்டது என்னவோ அந்தத் துண்டைத்தான்.

அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். பெரிய வள்ளமெல்லாம் இல்லை, நான்கைந்து பேர் போகிற வள்ளம். வந்ததும் மீன் ஏலம் போகும். பணம் கைக்கு வந்தபின் எல்லோரும் ஒரு மரத்தடியில் உட்காருவார்கள். முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு. அதை வாய்விட்டுச் சொல்லித்தான் எடுப்பார்கள். “டீசல் இவ்வளவு, சரியா? போன தடவையை விடக் கூடவா இருக்கே?” என்று யாராவது கேட்பார்கள். கேட்டவனை யாரும் முறைக்கமாட்டார்கள். அப்புறம் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. புதிதாக வந்த பொடியனுக்கு அரைப்பங்கு. அந்த அரைப்பங்கு எப்போது முழுப்பங்கு ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொள்ளவேண்டும், ஒரு பருவம் முழுக்க வரவேண்டும். நோட்டீஸ் போர்டும் கிடையாது, ஹெச்ஆரும் கிடையாது. ஆனால் எல்லாக் கணக்கும் மணலில் வெயில் பட்டுக் கிடக்கும்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தக் காலம் பொற்காலம் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. சம்மாட்டியிடம், அதாவது படகு முதலாளியிடம், வாங்கிய முன்பணம் என்று ஒன்று இருந்தது. அது மட்டும் அவருடைய நோட்டில் இருக்கும், மணலுக்கு வராது. கடன் வாங்கியவன் மீனை வேறு யாருக்கும் விற்க முடியாது. விலையும் அவர் வைத்ததுதான். அப்பா எவ்வளவு கட்டினார், எவ்வளவு மிச்சம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அம்மா அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டுவைப்பாள். அவள் கோடும் அவர் நோட்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அண்ணன் கடலுக்குப் போகமாட்டேன் என்று சொன்னதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் இலங்கை நேவி. அவன் சொன்ன காரணம் அந்த நோட்டு. “முடிச்சுட்டேன்னு எப்பத் தெரியும்?” என்று கேட்டான். பதில் சொல்ல ஆளில்லை. சென்னைக்குப் போகிற சேது எக்ஸ்பிரஸில் ஏறினவன்தான்.

படித்து முடித்ததும் நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அங்கே மாதம் பிறந்தால் ஒவ்வொருவருக்கும் ஒட்டின கவரில் சம்பளச் சீட்டு வரும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்தால் இருவருக்கும் மெமோ. கணக்குப் பிரிவில் இருந்ததால் எனக்கு எல்லாச் சீட்டும் தெரியும். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்த்த இரண்டு பேருக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசம். கூட வாங்கினவர் செய்த ஒரே நல்ல காரியம், சேரும்போது கொஞ்சம் தைரியமாகக் கேட்டது. குறைவாக வாங்கின பெண் ஆறு வருஷ ஊழியர். அவளோடுதான் தினமும் டிபன் பாக்ஸ் பிரிப்பேன். ஒன்றும் சொன்னதில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அதே கம்பெனியில்தான் எனக்கும் ஒரு அடி விழுந்தது. சம்பளச் சீட்டில் மாதா மாதம் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் காட்டுவார்கள். பதிவு செய்த செல்போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் பிஎஃப் இருப்பு குறுஞ்செய்தியில் வரும் என்று யாரோ சொன்னார்கள். கொடுத்துப் பார்த்தேன். ஏழு மாதமாக ஒரு ரூபாய் ஏறவில்லை. சீட்டில் பிடித்திருக்கிறது, கணக்கில் சேரவில்லை. கணக்குப் பிரிவில் இருந்த எனக்கே தெரியாது, அந்தக் கோப்பு முதலாளி அறையில் இருந்தது. கேட்டதற்கு “பார்த்துக் கட்டிடுவோம்” என்றார்கள். கடைசியில் கட்டினார்கள்தான். ஆனால் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்த நிமிஷமே நான் அந்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டேன். உடம்பு மட்டும் இன்னும் எட்டு மாதம் போய்வந்தது. விலகியபின் கணக்கு முடித்துத் தர இழுத்தடித்தது ஐந்து மாதம்.

இவ்வளவு பட்டவள் சொந்தமாக ஆரம்பித்தால் எப்படி நடத்தியிருக்க வேண்டும்? 2019இல் யூனிட்டைத் தொடங்கி, முதல் ஆளை எடுத்தபோதே “பார்த்துப் போட்டுத் தர்றேன்” என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாயில் வந்தது. முதலாளி நாற்காலியில் ஏதோ இருக்கிறது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் இது: எல்லோருக்கும் தெரிந்தால் சண்டை வரும். அந்த நியாயத்தில் பாதி உண்மை. கலிபோர்னியாவில் அரசு ஊழியர் சம்பளம் பொதுத் தகவல். 2008இல் அங்கே ஒரு செய்தித்தாள் அதை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டது. டேவிட் கார்டு என்ற பொருளாதார அறிஞரும் மூவரும் ஒரு வேலை செய்தார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஊழியர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, ‘இப்படி ஒரு தளம் இருக்கிறது’ என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தவர்களில், தங்கள் பிரிவின் நடுமட்டத்துக்குக் கீழே சம்பளம் வாங்கியவர்களுக்கு மனக்குறை ஏறியது, வேறு வேலை தேடும் எண்ணமும் ஏறியது. மேலே வாங்கியவர்களுக்குப் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. ‘அடடா, நமக்குக் கூடக் கிடைக்கிறதே’ என்று யாரும் சந்தோஷப்படவில்லை. 2012இல் வெளியான ஆய்வு இது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்ணை மட்டும் திறந்து காட்டினால் காயம்தான் மிஞ்சும் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் மரத்தடியில் எண் மட்டும் தெரியவில்லை, கணக்குப் போட்ட விதமும் தெரிந்தது. அரைப்பங்குப் பொடியன் ஏன் அரைப்பங்கு என்று அவனுக்குத் தெரியும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்.

சரி, எங்கள் யூனிட்டுக்கு வருகிறேன். உச்சிப்புளிப் பையன் எழுந்து போன மறுவாரம் இன்னொன்று நடந்தது. நண்டு உடைக்கும் பெண்களில் மூன்று சின்னப் பிள்ளைகள் ஒரே நாளில் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. எங்களிடம் வெகுநாளாக இருக்கும் ஒரு பெரியக்காவிடம் கேட்டேன். நண்டை உடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: “தராசு உன் பக்கம் பார்த்து நிக்குது, அதான்.”

எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தபின்தான் புரிந்தது. எடை போடுகிற பையன் உட்காரும் பக்கம் எண் தெரியும். சதையைத் தட்டில் கொண்டுவருகிற பெண் எதிர்ப்பக்கம் நிற்பாள். அவன் சொல்கிற எண்ணை அவள் நம்பவேண்டும். நாலரை வருஷமாக அப்படி நடந்திருக்கிறது. அவன் ஏமாற்றினான் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் ஏமாற்றவில்லை என்றுதான் நம்புகிறேன். ஆனால் கிலோவுக்குக் கூலி வாங்குகிற பிள்ளைக்கு அந்த எண்தான் சம்பளம். அது அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

தராசைத் திருப்பிவைக்க ஒரு நிமிஷம் ஆனது.

ஆனால் எடையோடு முடியவில்லை, இன்னொரு சங்கதி இருந்தது. நண்டு ஓடு மாற்றும். புது ஓடு போட்ட நண்டுக்குள் சதை இருக்காது, தண்ணீர்தான் இருக்கும். பார்க்கக் கனமாக இருக்கும், அவித்து உடைத்தால் ஒன்றும் தேறாது. அப்படிப்பட்ட கூடை யார் முன்னால் வருகிறதோ அவளுக்கு அன்றைய கூலி போச்சு. ஐந்து மணி நேரம் விரல் கிழிய உடைத்தும் பக்கத்தில் இருப்பவள் எடுத்ததில் பாதி வரும். கூடையைப் பிரித்துக் கொடுத்ததும் அதே பையன்தான். வேண்டியவர்களுக்கு நல்ல கூடை போகிறது என்ற பேச்சு வெகுநாளாக இருந்திருக்கிறது. என் காதுக்குத்தான் வரவில்லை.

இப்போது காலையில் கூடைக்கு எண் எழுதி, எந்த வள்ளத்துச் சரக்கு என்று சாக்பீஸில் போட்டுச் சீட்டுக் குலுக்குகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. “எனக்குத் தண்ணிக் கூடை!” என்று ஒருத்தி கத்துவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். சதை தேறாத கூடைக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச நாள் கூலி உண்டு. இதை எவ்வளவு வைப்பது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசியதில் இரண்டு மணி நேரம் போனது. நான் சொன்ன தொகையை விட அவர்கள் கேட்டது நூறு ரூபாய் கூட. நடுவில் முடிந்தது. விட்டுப்போன மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். மூன்றாமவளுக்கு அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

கூலியைத் திறப்பது இப்படி லேசாக முடிந்தது. மாதச் சம்பளத்தைத் திறந்ததுதான் என்னைப் புரட்டிப்போட்டது.

வெள்ளைப் பலகை ஒன்று வாங்கி ஐந்து பேர் வேலையையும், அந்த வேலைக்கு ஆரம்பச் சம்பளம், வருஷத்துக்கு எவ்வளவு ஏறும், என்ன கற்றுக்கொண்டால் எவ்வளவு ஏறும் என்பதையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. ஐந்து வருஷமாகச் சரக்குக் கணக்குப் பார்க்கிற பாம்பன் பெண்ணுக்கு, ஆறு மாதம் முன் சேர்ந்த ஒரு தம்பியை விட ஆயிரத்து ஐநூறு குறைவு. வேண்டுமென்று செய்யவில்லை. அவன் வந்த நேரம் எனக்கு ஆள் அவசரம், கேட்டதைக் கொடுத்தேன். இவள் கேட்கவே இல்லை. பழைய கம்பெனியில் எதைப் பார்த்து உறுத்தலோடு டிபன் சாப்பிட்டேனோ, அதே கணக்கு என் கையெழுத்தில் இருந்தது.

இரண்டு வாரம் பலகையைச் சுவரில் மாட்டவில்லை. முதலில் அவள் சம்பளத்தை ஏற்றிவிட்டு மாட்டலாம், பழசு யாருக்கும் தெரியாது என்றுகூட நினைத்தேன். அப்புறம் அவளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். ஏற்றுகிறேன், விட்டுப்போனதையும் தருகிறேன், மூன்று தவணையாக என்றேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. “எனக்குத் தெரியும்க்கா” என்றாள். அந்தத் தம்பியே சேர்ந்த இரண்டாம் மாதம் சொல்லிவிட்டானாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூடி மறைக்கத் தெரியாது, வாட்ஸ்அப்பில் சம்பளச் சீட்டைப் போட்டோ பிடித்து அனுப்பிக்கொள்கிறார்கள். நான் ரகசியம் என்று பூட்டிவைத்திருந்ததை ஊரே பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் ஏன் வேலையை விடவில்லை என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தன்னால் சொன்னாள்: மாமியார் உடம்பு, பக்கத்தில் வேறு வேலை இல்லை.

ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் பிடித்து இருக்கிறார்கள் என்று முதலாளிகள் நினைத்துக்கொள்வது ஒரு வசதி.

நம்மூர் இளைஞர்கள் எங்கே போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழக்கரைப் பக்கம் வளைகுடா. மற்றவர்களுக்குச் சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர். நாட்டிலேயே பின்தங்கிய மாவட்டங்கள் என்று 2018இல் மத்திய அரசு எடுத்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு. விருதுநகரும் எங்கள் ராமநாதபுரமும். இங்கே சம்பளம் குறைவு என்பதில் சந்தேகமே இல்லை. பெருநகரத்துச் சம்பளத்தை என்னால் கொடுக்கவும் முடியாது. ஆனால் போகிறவர்கள் எதை நம்பிப் போகிறார்கள் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு துண்டு விரித்துத்தான் இருக்கிறது.

அண்ணன் மகன் போன வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்றின் கடிதத்தோடு வந்தான். “அத்தை, பதினெட்டாயிரம்!” வாங்கிப் பார்த்தேன். பதினெட்டாயிரம் என்பது கம்பெனிக்கு அவனால் ஆகும் மொத்தச் செலவு. சம்பளம் பதினைந்தாயிரம். அதில் அவன் பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,800 ரூபாய் போகும். ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு வருவது 13,087. கம்பெனி தன் பங்குக்குக் கட்டவேண்டிய பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ 488, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் 150, எல்லாம் இவன் சம்பளம் மாதிரிக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். மிச்சம் ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு ‘வாகன வசதி’ என்று பெயர். பொய் ஒன்றும் இல்லை, எல்லாம் எழுதித்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

அவன் முகம் தொங்கிப்போனது. போகாதே என்று நான் சொல்லவில்லை. பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டுகிற இடம் நல்ல இடம்தான், மிஸ்டு கால் கொடுத்து மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள் என்றேன். வாடகை போக என்ன மிஞ்சும் என்று இருவரும் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். போனான். நன்றாகத்தான் இருக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியை முடிக்கவேண்டும் (என் ஐந்து மாதத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்). வேலை விளம்பரத்திலேயே சம்பளம் போடவேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரியிலிருந்தே உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு விதி கொண்டுவந்தது. வேலைக்கு வருகிறவருக்குச் சம்பள வரம்பை முன்கூட்டியே சொல்லவேண்டும், ‘முன்னால் எவ்வளவு வாங்கினாய்’ என்று கேட்கக் கூடாது. உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தை அதற்கேற்ப மாற்ற வைத்த கெடு 2026 ஜூன் 7. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதி. பழைய சம்பளத்தைக் கேட்பது, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி.

இங்கே சட்டம் என்றால் பத்தொன்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். இருபது பேர் வேலை செய்தால் பிஎஃப் கட்டாயம். ஆகவே எங்கள் பக்கம் எந்த இடத்தில் கேட்டாலும் பத்தொன்பது பேர்தான் வேலை செய்வார்கள். அறுபது பேர் உள்ளே நுழைவதை நம் கண்ணால் பார்த்தாலும் ரிஜிஸ்டரில் பத்தொன்பது. எங்களிடம் நிஜமாகவே பதினாறுதான். ஈஎஸ்ஐ உண்டு, பிஎஃப் இல்லை. இருபதாவது ஆளை எடுக்கவேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று நானும் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு பலகையில் இல்லை.

பலகைக்கு உண்மையான சோதனை போன ஆகஸ்டில் வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. எங்கள் சதையை வாங்குகிற பெரிய கம்பெனி கிலோ விலையைக் குறைத்தது, வாரத்துக்கு எடுக்கும் அளவையும் குறைத்தது. போன் வந்த அன்று பழைய புத்தியே முதலில் எழுந்தது. நாலு பேரை மெதுவாக ‘அடுத்த வாரம் வரவேண்டாம், சொல்லி அனுப்புறேன்’ என்று நிறுத்திவிடலாம். மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து எல்லோருக்கும் டீ வரவழைத்துவிட்டுப் பலகையில் எழுதினேன். ஒரு கிலோ சதைக்குக் கம்பெனி தந்தது எவ்வளவு, இனி தரப்போவது எவ்வளவு. அதில் நண்டு வாங்க, ஐஸ், கரண்ட், விறகு, வண்டி, கூலி, பாங்க் தவணை. மிச்சம் என்று எழுதவேண்டிய இடத்தில் கழித்தல் குறி வந்தது.

டீ ஆறுகிற வரை யாரும் பேசவில்லை. பிறகு சின்னப் பிள்ளைகள்தான் முதலில் ஆரம்பித்தார்கள். “விறகுக்கு ஏன்க்கா இவ்வளவு?” கருவேல விறகை நான் ஒரே ஆளிடம் பழக்கத்துக்காக வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் சித்தப்பா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், அவரிடம் வாங்கினால் குறையும் என்றாள். ஐஸைப் பற்றிப் பையன்கள் சொன்னார்கள். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போகும், அந்த நாள்களில் ஐஸுக்குக் கிராக்கி. நாட்டுப்படகு போகிற மற்ற நாள்களில்தான் எங்களுக்கு நண்டு வருகிறது, அந்த நாளில் ஐஸ் பிளான்ட்காரரிடம் விலை பேசலாமே என்றார்கள். ஆறு வருஷமாக எனக்குத் தோன்றாதது. எல்லாம் சேர்த்தும் கழித்தல் குறி போகவில்லை, சின்னதானது.

அப்புறம் யாரை நிறுத்துவது என்ற பேச்சு. நான்தான் எடுத்தேன். பெரியக்கா குறுக்கே விழுந்தார். “ஆளை நிறுத்தாத. நாளை நிறுத்து.” வாரத்துக்கு நான்கு நாள், முறைவைத்து வருவது என்று முடிவானது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒரு தம்பி சென்னைக்கு. ஒரு பிள்ளை திருப்பூருக்கு. அங்கேயும் அதே அமெரிக்க வரியால் பனியன் கம்பெனிகள் தடுமாறிக்கொண்டிருந்தது அவளுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. போகிற அன்று வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், பாக்கியை அன்றே கொடுத்தேன். முன்னால் விட்டுப்போகிறவர்கள் போனை அணைத்துவிட்டுத்தான் போவார்கள்.

போன இருவர் இடத்துக்கு ஆள் தேடி நான் எங்கும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து உச்சிப்புளிப் பையன் வந்து நின்றான். யாரோ பலகையைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மீசை வைத்திருந்தான். இடையில் இரண்டு கம்பெனி பார்த்துவிட்டான்.

“நட்டத்துல ஓடுறதும் எழுதியிருக்கே, பார்த்தியா?” என்றேன்.

“பார்த்தேன்க்கா. வேற எங்கேயும் அதைச் சொல்லலை.”

இப்போது அவன்தான் சரக்கின் தரம் பார்க்கிறான். ரொம்ப நாள் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. கப்பல் படிப்பு ஏதோ படிக்கவேண்டும் என்கிறான், பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். போகும் தேதியைக்கூட உத்தேசமாகச் சொல்லிவைத்திருக்கிறான். அதற்குள் பாம்பன் பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்துவிடுகிறானாம். அந்த வேலைக்குப் பலகையில் என்ன சம்பளம் என்று அவளுக்கும் தெரியும்.

போன வாரம் சம்பள நாள். பலகையைத் துடைத்துப் புது மாதம் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, நண்டு உடைக்கிற பிள்ளைகளில் எல்லோருக்கும் சின்னவள், பத்தொன்பது வயசு, “அக்கா, உங்க சம்பளம் ஏன் இதுல இல்லை?” என்றாள்.

நான் சம்பளமாக எடுப்பதில்லை, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வேன் என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று எனக்குப் புரிந்தது. உச்சிப்புளிப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கிறான் என்று தெரிந்தது.

கணக்கு நோட்டை எடுத்துப் போன வருஷம் வீட்டுக்கு எடுத்ததை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்துக் கடைசி வரியில் எழுதினேன். கை கொஞ்சம் நடுங்கியது. பலகையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இவ்வளவுதானா?” என்றாள் ஒருத்தி.

“ஸ்கூட்டி டியூ இதுலயா, தனியாவா?” என்றார் பெரியக்கா.

அதைத் தனி வரியாக எழுதினேன்.